துலக்கக் கூடாத சிலைகள்: லலித்பூர் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 4, 2024, ஞாயிறு

நேபாளத்தில் பாக்மதி ஆற்றின் தென்கரையில் இருக்கும் லலித்பூருக்கு வந்து சேர்ந்தேன். பாட்டன் என்னும் பழைய பெயரும் இன்னும் வழக்கில் இருக்கிறது. ருத்ரவர்ண மகாவிகாரத்தைச் சுற்றியுள்ள ஓகு பகால் சந்துகளில் காலை முதலே உளிச்சத்தம் கேட்கிறது. காத்மாண்டு பள்ளத்தாக்கின் நேவார் இனத்தைச் சேர்ந்த பௌத்தர்களான சாக்கியக் குடும்பங்கள் இங்கே தலைமுறை தலைமுறையாகத் திருமேனிகள் வார்த்துவருகின்றன. சென்னையில் எங்கள் வீட்டில் இருக்கும் பித்தளைப் பச்சைத் தாராவை, அதாவது பௌத்தப் பெண் தெய்வத்தின் சிலையை, எப்படிப் பேணுவது என்பதை, அத்தகைய சிலைகள் உருவாகும் தெருவிலேயே கேட்டறிய வேண்டும் என்பது நெடுநாள் விருப்பம்.

இந்த ஊரின் பெருமை செம்பைச் சார்ந்தது. பித்தளை இங்கே இரண்டாம் இடத்தில்தான் இருக்கிறது. பொன்னைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி, நெருப்பில் காட்டிப் பாதரசத்தை ஆவியாக்கும் முலாம் முறைக்குத் தூய செம்பே ஏற்றது. காரீயம் கலந்த உலோகத்தில் பொன் சீராகப் பிடிக்காது. பித்தளைச் சிலைகளின் பழைய மரபு காஷ்மீர், சுவாத் பள்ளத்தாக்கு, மேற்குத் திபெத் ஆகிய பகுதிகளைச் சேர்ந்தது. அங்கே 7ஆம் நூற்றாண்டு முதலே, உலோகத்தின் மஞ்சள் நிறத்தையே அழகாகக் கொண்டு, கண்களில் வெள்ளியும் உதடுகளில் செம்பும் பதித்திருக்கிறார்கள். இன்று லலித்பூர்க் கடைகளில் உள்ளூர்ப் பித்தளை வேலைப்பாடுகளோடு வட இந்தியாவின் மொராதாபாத், அலிகார் வார்ப்புகளும் கலந்தே நிற்கின்றன. விரல்களின் இடுக்கையும் தாமரை இதழ்களின் அடிப்புறத்தையும் பார்த்தால், உளி எவ்வளவு நேரம் அங்கே தங்கியது என்பது தெரிந்துவிடும். விற்பவர் சொல்லும் விலையை நான் அதற்குப் பிறகுதான் கேட்கிறேன்.

ஆகஸ்ட் 7, புதன்

ஒரு பெரியவரின் பட்டறையில் நாள் முழுவதும் இருக்க இடம் கிடைத்தது. தேன்மெழுகோடு குங்கிலியம் கலந்து உருக்கி, கை, கால், உடல், பீடம் என்று தனித்தனியாக உருவம் செய்கிறார்கள். பருவத்துக்கு ஏற்பக் கலவையின் அளவு மாறுகிறது. குளிரில் மெழுகு வெடிக்காமலும் வெயிலில் தளராமலும் இருக்க வேண்டும் அல்லவா? மெழுகின் மேல் முதலில் சாணம் கலந்த நைசான களிமண் பூச்சு. அது உலர்ந்த பின் உமி கலந்த முரட்டு மண். சுவாமிமலையில் காவிரி வண்டலைப் பூசும் ஸ்தபதிகளைப் பார்த்தவர்களுக்கு இந்த வரிசை புதிதாக இராது. ஆனால் சுவாமிமலையில் பெரும்பாலும் கனமாக, அதாவது உள்ளே திண்மையாக வார்க்கிறார்கள். இங்கே உள்கூடாக வார்ப்பதே வழக்கம். அந்தக் கூட்டுக்குள் என்ன செல்கிறது என்பதைப் பொறுத்தே பின்னாளைய பராமரிப்பு முழுவதும் அமைகிறது.

மழைக்காலம் ஆகையால் மண்ணச்சுகள் உலர மறுக்கின்றன. ஈரம் மிஞ்சிய அச்சில் உலோகத்தை ஊற்றினால் ஆவி பொங்கி அச்சு வெடித்துவிடும் என்பதால், அடுப்பங்கரையை ஒட்டி அவற்றை அடுக்கிவைத்திருக்கிறார்கள். மாலையில் ஓர் அச்சுக்கு மட்டும் பித்தளை ஊற்றினார்கள். மூசையிலிருந்து வெண்புகை எழுந்தது. செம்பு உருகுவதற்கு 1085 பாகை செல்சியஸ் வேண்டும்; துத்தநாகமோ 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஆகவே செம்பு உருகிய பின் துத்தநாகத்தைக் கடைசியில் சேர்த்து, உடனே ஊற்றிவிட வேண்டும். பெரியவர் புகையின் அடர்த்தியைப் பார்த்தே கை காட்டினார். வெப்பமானி எதுவும் அங்கே இல்லை. வாய்க்கும் மூக்குக்கும் ஒரு துண்டுத் துணி மட்டும் கட்டியிருந்த இளைஞரைப் பார்க்க எனக்கு உறுத்தலாக இருந்தது. அந்தப் புகை காய்ச்சலை உண்டாக்கக்கூடியது.

ஆகஸ்ட் 8, வியாழன்

முகம் எழுதுபவர் வேறொருவர். பசையில் குழைத்த பொன்தூளை முகத்தில் மட்டும் பூசி, அதன் மேல் கண், புருவம், உதடு ஆகியவற்றை வண்ணத்தால் வரைகிறார். நெருப்பில் ஏற்றிய முலாம் உலோகத்தோடு ஒட்டி நிற்கும்; இந்தப் பூச்சு அப்படிப்பட்டது அன்று. ஈரத்துணியால் ஒருமுறை அழுத்தித் துடைத்தால் தாராவின் பார்வை போய்விடும்.

ஆகஸ்ட் 12, திங்கள்

நேற்று எழுதவில்லை. இன்று எழுத நிறைய இருக்கிறது.

உள்கூடான சிலை வெறுங்கூடாக விடப்படுவதில்லை. மந்திரங்கள் எழுதிய அல்லது அச்சிட்ட காகிதச் சுருள்கள், சிலையின் நடு அச்சாக நிற்கும் ஒரு மரக்குச்சி, நறுமணப் பொருள்கள், தானியங்கள் முதலியவற்றை முறைப்படி உள்ளே நிரப்பி, பீடத்தின் அடியை ஒரு செப்புத் தகட்டால் மூடுகிறார்கள். தகட்டில் இரட்டை வச்சிரம், அதாவது குறுக்காக வைத்த இரு வச்சிராயுதங்களின் சின்னம், பொறிக்கப்பட்டிருக்கும். ஓரங்களை உளியால் தட்டி மடித்துவிடுவதால், பிரித்தால் பிரித்தது தெரியும். பிரித்த சிலைக்கு மீண்டும் பிரதிஷ்டை செய்ய வேண்டும்.

இப்போது நம் வீட்டு வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமைக்கு முன் சிலைகளை இறக்கி, புளியை ஊறவைத்துத் தேய்த்து, குழாயடியில் காட்டி, விபூதியால் துலக்கி எடுக்கிறோம். திண்மையான நம் பிள்ளையாருக்கு அதனால் மூக்கு மட்டும் மெல்லத் தேயும். உள்கூடாக வார்த்து அடியை மூடிய தாராவுக்கோ அடித்தகட்டின் இடுக்கு வழியாக நீர் உள்ளே போய், வெளியே வர வழியில்லாமல், காகிதத்தைப் பூஞ்சை பிடிக்கச் செய்து, உலோகத்தை உட்புறமிருந்து அரிக்கும். வெளியே பளபளப்பு, உள்ளே அழுகல்.

திபெத்திய, நேவார் பௌத்தத்தில் இதற்கு ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது. சிலைக்கு எதிரே கண்ணாடியைப் பிடித்து, அதில் விழும் பிம்பத்தின் மேல் நீரை வார்க்கிறார்கள். நீராட்டும் நடக்கிறது, சிலையும் நனைவதில்லை. அபிஷேகப் பிரியர்களான நமக்கு இது முதலில் சிக்கனம் போலத் தோன்றலாம். எனக்கு இது உலோகத்தையும் காகிதத்தையும் நன்கு அறிந்தவர்கள் செய்த ஏற்பாடாகத் தோன்றுகிறது.

ஆகஸ்ட் 14, புதன்

புளி, எலுமிச்சை, உப்பு பற்றிப் பெரியவரிடம் கேட்டேன். ‘வேண்டவே வேண்டாம், தங்கச்சி’ என்று இந்தியில் சொல்லிவிட்டு, எலுமிச்சையால் துலக்கப்பட்ட ஒரு பழுதுபார்ப்புச் சிலையை எடுத்துக் காட்டினார். தோள்பட்டை இளஞ்சிவப்பாக இருந்தது. அமிலம் மேற்பரப்பிலுள்ள துத்தநாகத்தைச் செம்பைவிட விரைவாகக் கரைத்துவிடுவதால் செம்பு மட்டும் எஞ்சி அந்த நிறம் தோன்றுகிறது. சிலையில் பதித்த நீலப் பச்சைக் கல்லும் பவளமும் அமிலத்தில் மங்கும். உப்பு இன்னும் கொடியது. அதிலுள்ள குளோரைடு இடுக்குகளில் தங்கி, ஈரம் ஏறும்போதெல்லாம் வெளிர்பச்சைத் தூளாகக் களிம்பைக் கிளப்பும்.

புட்டியில் விற்கும் துலக்கு திரவங்களும் எனக்கு ஒப்பவில்லை, ஏனெனில் அவற்றில் பலவற்றில் அமோனியா இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்து இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களை ஒட்டி வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து வந்த அமோனியாவே காரணம் என்று பின்னர் கண்டறிந்தார்கள். அடித்து நீட்டிய பித்தளைத் தகட்டில் உள்ளிறுக்கம் தங்கியிருப்பதால் இந்த ஆபத்து அதற்கே மிகுதி. வார்ப்புக்குக் குறைவுதான். ஆனால் திருவாசியும் அணிகலன்களும் பெரும்பாலும் தகட்டு வேலையே.

ஆகஸ்ட் 17, சனி

இது குன்லா மாதம், நேவார் பௌத்தர்களின் புனித மாதம். விகாரங்கள் தங்கள் திருமேனிகளை வெளியே எடுத்து மக்கள் பார்வைக்கு வைத்திருக்கின்றன. பொன்விகாரம் எனப்படும் ஹிரண்யவர்ண மகாவிகாரத்திலும் நெடுநேரம் நின்றேன். பலர் தொட்டுத் தொட்டு வணங்கியதால் சில உருவங்களின் பாதங்களும் முழங்கால்களும் வழவழப்பாகிவிட்டன. வழிபாட்டில் உள்ள சிலைக்கு அது குறையன்று; அந்தத் தேய்மானத்தை ஒரு பாதுகாப்பு வல்லுநர் வந்து தடுக்க வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. என் கவலை எல்லாம் எங்களைப் போன்ற வீட்டுக்காரர்களைப் பற்றியது. நாங்கள் வணங்கித் தேய்ப்பதைவிடத் துலக்கித் தேய்ப்பதே அதிகம்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஊருக்குப் புறப்பட ஆயத்தம். ஒரு சிறிய மஞ்சுஸ்ரீயை, வாளேந்திய போதிசத்துவர் சிலையை, வாங்கியிருக்கிறேன். புதிய சிலையானாலும், அது பழம்பொருள் அன்று என்று தொல்லியல் துறை தரும் சான்றிதழ் வேண்டும். 100 ஆண்டுக்கு மேற்பட்டவற்றை நேபாளத்திலிருந்து வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது. சான்றிதழ் எளிதாகவே கிடைத்தது. வாளைத் தனியே கழற்றிப் பஞ்சில் சுற்றிக்கொண்டேன். சிலையைத் தூக்கும்போது தாமரைத் தண்டையோ கையையோ பிடிக்காமல், பீடத்தின் அடியில் ஒரு கையும் முதுகில் ஒரு கையும் கொடுக்க வேண்டும் என்று பெரியவர் செய்தே காட்டினார்.

சென்னையின் உப்புக்காற்று வேறொரு சிக்கல். நாகப்பட்டினத்தில் 1856 முதல் கிடைத்த பௌத்தச் செப்புத் திருமேனிகள் பல எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அங்கேயே 1930இல் வேதியியல் பாதுகாப்புக் கூடம் தொடங்கப்பட்டு, களிம்பேறிய சிலைகளுக்கு மருத்துவம் பார்க்கப்பட்டது. வீட்டில் அவ்வளவுக்குப் போக வேண்டியதில்லை. கடற்காற்று நேரே படாத கண்ணாடி அலமாரி. உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், மழைக்காலத்தில் அடிக்கடி மாற்றியபடி. கற்பூரமும் எண்ணெய் விளக்கும் அலமாரிக்கு வெளியே. சந்தனம், குங்குமம் வைப்பதானால் பீடத்துக்கு முன்னால் ஒரு தட்டில். தூசிக்கு மென்மயிர்த் தூரிகை, மேலிருந்து கீழாக. முகத்தில் அதுவும் தேவைப்பட்டால் மட்டும். வண்ணமோ கல்லோ இல்லாத உடற்பகுதியில் நுண்படிக மெழுகை மிக மெல்லிதாகத் தடவி, பருத்தித் துணியால் துடைத்துவிடலாம். வெளிர்பச்சைத் தூள் கண்ணில் பட்டால் சுரண்டாமல், அந்தச் சிலையை மற்றவற்றிலிருந்து பிரித்து உலர்ந்த பெட்டியில் வைத்துவிட்டு, வல்லுநரிடம் காட்ட வேண்டும்.

அம்மாவிடம் தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னேன். ‘அப்போ புளியே போடக் கூடாதா?’ என்று கேட்டார். குத்துவிளக்குக்குப் போடுங்கள் அம்மா, தாராவுக்கு மட்டும் வேண்டாம் என்றேன்.