வைத்தீஸ்வரன் கோயிலில் ஒரு சித்திரைச் செவ்வாய்

மூன்று வருடத்துக் கடன் போன சித்திரையில்தான் தீர்ந்தது. எழுத வேண்டும் எழுத வேண்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

மகளுக்கு ஐந்து வயது நடந்துகொண்டிருந்தபோது ஒரு காய்ச்சல் வந்தது, விடவே இல்லை. காலில் ஆங்காங்கே நீலம் பாரித்திருந்தது. எங்கேயோ விழுந்திருப்பாள் என்று விட்டுவிட்டேன். கால் வலிக்கிறது, தூக்கிக்கோ என்று அழுதவளைச் சோம்பேறி என்று திட்டியும் இருக்கிறேன். ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் 18,000. குறைந்தது 1,50,000 இருக்க வேண்டுமாம். அப்புறம் எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்து, அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கீமியா என்றார்கள். ரத்தப் புற்றுநோய். என் கணவர் அந்தப் பெயரை ஒரு சீட்டில் எழுதி வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எதற்கென்று அவருக்கே தெரியாது.

மாமியார் கேட்டது ஒன்றே ஒன்று. "ரத்தத்துலயா?"

ஆமாம் அத்தை என்றேன். நேராகப் பூஜை அறைக்குப் போய் மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்தார். ரத்தத்துக்கு அதிபதி செவ்வாய். அந்த அங்காரகனுக்கே நோய் வந்து, புள்ளிருக்குவேளூர் என்கிற இந்த வைத்தீஸ்வரன் கோயிலில் வந்து விழுந்துதானே தீர்ந்தது. "வைத்தியநாதா, இவ முடி உனக்கு. தாயே, உனக்கு மாவிளக்கு" என்று சொல்லிவிட்டு விளக்கைத் தூண்டினார்.

மூன்றாவது வாரமே முடி கொட்ட ஆரம்பித்துவிட்டது. தலையணை முழுக்க முடி. சிக்குப் பிடிக்கிறது, எடுத்துவிடுங்கள் என்று நர்ஸ் சொல்ல, வார்டிலேயே மெஷின் வைத்து எடுத்தார்கள். பார்க்க வந்த அத்தை வாசலிலேயே நின்று, "ஐயோ, அவனுக்குச் சொன்ன முடியாச்சே" என்றார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. குழந்தை இப்படிக் கிடக்கிறாள், இவருக்கு நேர்த்திக்கடன் கணக்கு. மூன்று நாள் நான் அவரிடம் பேசவில்லை.

முதல் மாதத்திலேயே ஒரு செவ்வாய்க்கிழமை என் கணவர் மட்டும் கோயிலுக்குப் போய், அங்கே மருந்தாகத் தரும் பிரசாதமான திருச்சாந்துருண்டை வாங்கி வந்தார். அதில் அடுத்த சண்டை. வெள்ளையணுக்கள் அடிமட்டத்தில் இருந்த நேரம். கொதிக்க வைக்காத தண்ணீர்கூடக் கூடாது, வெளிப்பொருள் எதுவும் வாயில் படக்கூடாது, 38 டிகிரிக் காய்ச்சல் வந்தாலே பாதிராத்திரியானாலும் ஓடி வாருங்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நான் கொடுக்க மாட்டேன் என்றேன். "அவன் மருந்தையே வேண்டாங்கிறியாம்மா?" என்று அத்தை அழுதார். கடைசியில் டாக்டரிடமே கேட்டோம். அவர் சிரிக்கவும் இல்லை, அதட்டவும் இல்லை. "உள்ளே வேண்டாம் பாட்டி. பக்கத்துல வச்சுக்கோங்க" என்றார். துணிப்பையில் போட்டுத் தைத்துக் கட்டில் கம்பியில் கட்டினேன். ஆஸ்பத்திரிக் கட்டில், வீட்டுக் கட்டில் என்று எங்களோடு அதுவும் இரண்டரை வருடம் அலைந்தது.

அந்த இரண்டரை வருடத்தை விவரமாக எழுத எனக்குத் தெம்பில்லை. முதுகுத்தண்டில் ஊசி, வாய்ப்புண், ஸ்டீராய்டு பசியில் இரவு இரண்டு மணிக்குத் தோசை கேட்டு அழுகை. ஒன்று மட்டும் சொல்கிறேன். கடைசிக் கட்டத்தில் வீட்டிலேயே தினமும் இரவு மாத்திரை கொடுக்க வேண்டும். அந்தப் பொறுப்பை அத்தை எடுத்துக்கொண்டார். ஒன்பது மணி அடித்தால் "வைத்தியநாதா" என்று சொல்லி மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காலண்டரில் ஒரு கோடு போடுவார். ஒரு ராத்திரி தவறியதில்லை. வீட்டில் கல்யாணம் நடந்த அன்றும், அவருக்கே காய்ச்சல் அடித்த அன்றும் அந்தக் கோடு இருக்கிறது.

சிகிச்சை முடிந்த பிறகும் உடனே போகவில்லை. இனிக் கூட்டத்துக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லட்டும் என்று சில மாதம் காத்திருந்தோம். சொன்னதும், அடுத்து வந்த சித்திரைச் செவ்வாய்க்குக் கிளம்பிவிட்டோம். காரைக்குடிப் பக்கத்திலிருந்து நகரத்தார் நடந்து வந்து சேரும் செவ்வாய் அது என்பது சீர்காழியில் இறங்கி ஆட்டோ ஏறிய பிறகுதான் தெரிந்தது. ஆட்டோக்காரர் எங்களைப் பார்த்த பார்வையிலேயே புரிந்துவிட்டது. கோபுரம் தெரிவதற்கு முன்பே கூட்டம் தெரிந்தது.

இறங்கியதும் நாடி ஜோதிடத் தரகர்கள். "கட்டைவிரல் ரேகை மட்டும் குடுங்கம்மா, ஓலை இருந்தா மட்டும் காசு." வேண்டாம் என்றால் விட வேண்டுமே? ஒருவர் தெருமுனை வரை கூடவே வந்தார். முதல் தடவை என் கணவர் தனியாக வந்தபோதும் இப்படித்தானாம். குழந்தைக்கு முடியவில்லை என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். ஔஷத காண்டம் பார்த்தால் மருந்தே ஓலையில் வரும், ஆஸ்பத்திரியே வேண்டாம் என்றிருக்கிறான் ஒருவன். அன்றைக்கு இருந்த மனநிலையில் எவ்வளவு பேர் அதை நம்பியிருப்பார்கள்! நாடியைப் பற்றி நான் எதுவும் சொல்ல வரவில்லை. மருந்தை நிறுத்து என்று சொன்னவன் வாயைப் பற்றித்தான் சொல்கிறேன்.

உப்பு மிளகுப் பொட்டலம் வாங்கிய கடையிலேயே வெள்ளித் தகடுகளும் இருந்தன. கண், கை, கால், வயிறு என்று பரப்பி வைத்திருந்தார் அந்த அம்மா. "எந்த இடத்துல நோவு?" என்று கேட்டார். ரத்தத்துக்கு எந்தத் தகட்டை வாங்குவது? மஜ்ஜை என்றால் எல்லா எலும்புக்குள்ளும்தானே இருக்கிறது. நான் விழித்துக்கொண்டு நிற்க, மகள் ஒரு முழு ஆள் உருவத்தை எடுத்து, "இதான்மா நான். பாவாடை போட்டிருக்கு பாரு" என்றாள். அதையே வாங்கினோம்.

அடுத்து முடி. ஊரில் இருக்கும்போது தலையை ஆட்டியவள், கத்தியைப் பார்த்ததும் என் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். புதிதாக வளர்ந்த முடி கொஞ்சம் சுருண்டு, தோள் வரை வந்திருந்தது. அதற்குத் தினமும் எண்ணெய் வைத்து எத்தனை அளவு பார்த்திருப்பாள்! "மறுபடியும் மொட்டை வேண்டாம்மா. எல்லாரும் பார்ப்பாங்க." அழவில்லை, கெஞ்சினாள். அதுதான் தாங்க முடியவில்லை. நேர்ந்தது சாமிக்கு. மீறினால் என்ன ஆகுமோ என்று எனக்கே பயம்தான், பொய் சொல்ல மாட்டேன். கணவர் என்னைப் பார்க்கிறார், நான் அத்தையைப் பார்க்கிறேன்.

அத்தை ஒன்றும் பேசாமல் கொண்டையை அவிழ்த்தார். அறுபத்தெட்டு வயதிலும் இடுப்பு வரை முடி அவருக்கு. அந்த முடியில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு, குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். பலகையில் உட்கார்ந்து, "எனக்கு எடுப்பா" என்றார்.

"அத்தை, நேர்ந்தது அவ முடியாச்சே?"

"அசலை அன்னிக்கே ஆஸ்பத்திரியில வச்சு எடுத்துக்கிட்டான். இது வட்டி."

இதைக் கேட்டுவிட்டு மகள் மெதுவாக வெளியே வந்தாள். "கொஞ்சம்னா நானும் குடுக்கறேன்" என்றாள். அவளுக்குப் பூமுடி, மூன்று கத்தரி. அத்தைக்கு முழு மொட்டை. அவர் மடியில் விழுந்த நரைமுடி மேல் அவள் முடி மூன்று கற்றை கருகருவென்று கிடந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சித்தாமிர்தக் குளத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு, வெல்லம், உப்பு, மிளகு காணிக்கை எல்லாம் முடித்துவிட்டு வரிசைக்குப் போனோம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். வெயில், வியர்வை, இடித்துக்கொண்டு முன்னால் போகிறவர்கள். மூன்று வருடம் கூட்டத்தையே காட்டாமல் வளர்த்த பிள்ளையாயிற்றே, பக்கத்தில் யாராவது தும்மினால் இப்போதும் என் கை தானாக அவள் மூக்கைப் பொத்தப் போகிறது. சுவாமி சன்னிதியில் நின்றது ஒரு நிமிடம்கூட இருக்காது. மூன்று வருடமாகச் சேர்த்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. எங்கோ ஓதுவார் தேவாரம் பாடிக்கொண்டிருந்தார். 'மருந்து' என்ற ஒரு சொல் மட்டும் காதில் விழுந்தது.

முருகன் செல்வமுத்துக்குமாரசுவாமியைக் கும்பிட்டுவிட்டு அம்மன் தையல்நாயகியிடம் வந்தபோதுதான் உடைந்தேன். சுவாமி வைத்தியம் பார்க்க வரும்போது தைலப் பாத்திரம் ஏந்திக் கூடவே வந்தவள் அவள். எனக்குச் சட்டென்று வார்டு நினைவு வந்தது. ராத்திரி மூன்று மணிக்குச் செருப்புச் சத்தம் கேட்காமல், கையில் ட்ரேயோடு வந்து, தூங்கும் குழந்தையை எழுப்பாமல் ஊசி போட்டுவிட்டு என் தோளையும் தட்டிவிட்டுப் போன சிஸ்டர்கள். தாயே, நீ எத்தனை முகத்தோடு என்னிடம் வந்தாய்! ஒரு தடவைகூட நான் எழுந்து கும்பிடவில்லையே! மாவிளக்கு எரிந்துகொண்டிருக்கிறது, நான் விம்முகிறேன், பின்னால் "நகருங்கம்மா நகருங்க" என்று குரல்.

அர்ச்சனைக்குக் குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டார். மகளுடையதைச் சொன்னேன். "இன்னொண்ணு இருக்கு சாமி. ரத்தம் குடுத்தவங்களுக்கு."

"பேரு?"

பெயர் தெரியாது. மஞ்சள் நிறத்தில் தட்டணுப் பைகள் எத்தனை ஏறின என்ற கணக்கும் விட்டுப்போயிற்று. பையில் நம்பர் மட்டும்தான் இருக்கும். அந்தக் கூட்டத்திலும் அவர் ஒரு கணம் நிறுத்தி என்னைப் பார்த்தார். "சுவாமி பேருக்கே பண்ணிடறேன்" என்றார். யார் யாரோ, எந்த ஊரோ, நன்றாக இருக்க வேண்டும். அவர்கள் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும். தீபாராதனை காட்டும்போது அது ஒன்றுதான் கேட்டேன், எனக்கென்று எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

ஜடாயு குண்டத்துத் திருநீறும் திருச்சாந்துருண்டையும் வாங்கினோம். இந்தத் தடவை அத்தை என் முகத்தைப் பார்த்தார். நான் சரி என்றேன். ஒரு உருண்டையை எடுத்து அவரே அவள் வாயில் போட்டார். "மண்ணு மாதிரி இருக்கு அப்பாயி" என்று முகத்தைச் சுளித்தாள்.

வேப்பமரத்தடி ஆதி வைத்தியநாதரையும் அங்காரகனையும் கும்பிட்டு முடித்து ஆள் உருவத் தகட்டை உண்டியலில் போட்டபோது நன்றாக இருட்டிவிட்டது. அன்றைக்குத் தங்கிய அறையில் அத்தையும் அவளும் ஒரே கட்டில். சந்தனம் பூசிய தலையை அத்தை தலையணையில் வைத்ததும் இந்தப் பக்கம் ஒருதரம் அந்தப் பக்கம் ஒருதரம் புரண்டார். மகள் எழுந்து உட்கார்ந்து, தன் துண்டை நான்காக மடித்து அவர் தலைக்குக் கீழே வைத்தாள்.

"முளைக்கறப்ப குத்தும் அப்பாயி. எனக்கும் குத்துச்சு. துண்டு போட்டுக்கிட்டா குத்தாது."