எக்மோரில் இறங்கியவர்களுக்கு மெட்ராஸ் படம் காட்டிய கதை

எங்கள் வாசகர் வட்டத்தில் மாதம் ஒரு கூட்டம் நடக்கும். ஒரு புத்தக அறிமுகம், இரண்டு கவிதை, டீ, மிக்சர், கலைந்து போவது. போன வருஷம் ஒருநாள் செயலாளர் அண்ணாச்சி என் ஸ்டுடியோவுக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தம்பி, நீ வடபழனியில நாலு வருஷம் குப்பை கொட்டுனவன்தான. மெட்ராஸ்ல எடுத்த படங்களப் பத்தி நாலு ஞாயித்துக்கிழமை பேசேன். சும்மா கத சொல்லாத, துண்டு துண்டா படத்தப் போட்டுக் காட்டிப் பேசு" என்றார்.

நான் பாளையங்கோட்டையில் கல்யாண வீடியோ எடுப்பவன். ப்ரொஜெக்டர், திரை, ஸ்பீக்கர் எல்லாம் கைவசம் உண்டு. அண்ணாச்சி என்னைத் தேடி வந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான் என்று எனக்கு அப்போதே தெரியும். மேடையேறிப் பேசி எனக்குப் பழக்கமில்லை. அடுத்தவர் சட்டையில் மைக்கைக் குத்திவிட்டுத்தான் பழக்கம். இருந்தாலும் சரி என்று சொல்லிவிட்டேன்.

முதலில் ஒரு பயம் பிடித்துக்கொண்டது. படத் துண்டுகளைப் பொது இடத்தில் போடலாமா, கேஸ் கீஸ் வந்துவிடுமா? வக்கீல் நண்பர் ஒருவரிடம் போனேன். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, விமர்சனத்துக்காக நியாயமான அளவில் எடுத்துக் காட்ட இடம் தருகிறது, முழுப்படம் போடுவது வேறு சங்கதி என்றார். "பேச்சுக்குத் துணையா படத்துண்டு இருக்கலாம்டே. படத்துக்குத் துணையா பேச்சு இருக்கக் கூடாது" என்றார். அதையே விதியாக வைத்துக்கொண்டேன். எந்தத் துண்டும் ஒரு நிமிஷத்தைத் தாண்டவில்லை, மிச்சமெல்லாம் ஸ்டில். டிக்கெட், நன்கொடை எதுவும் கிடையாது. உங்கள் ஊரில் செய்வதாக இருந்தால் உங்கள் வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இடம், ஒரு பள்ளிக்கூடத்தின் கூடம். லெட்டர் கொடுத்து, இரண்டு முறை நடந்து வாங்கினோம். போய்ப் பார்த்தால் ஜன்னல் எல்லாம் மேற்கே பார்த்து இருக்கிறது, ஒன்றுக்கும் திரைச்சீலை இல்லை. நம்ம ஊர் நாலு மணி வெயிலோடு கல்யாண ப்ரொஜெக்டர் சண்டை போட முடியாது. படம் போட்ட இடத்தில் வெள்ளைச் சுவர்தான் தெரியும். மேடை அலங்காரம் செய்யும் நண்பனிடம் மெரூன் துணி நாலு சுருள் வாங்கி ஜன்னலில் கட்டி, நேரத்தையும் ஆறரைக்கு மாற்றினோம். கூடம் ரிசப்ஷன் மேடை மாதிரி ஆகிவிட்டது. மாப்பிள்ளை எங்கே என்று கேட்காதவர் இல்லை.

தயாரிப்புதான் எனக்குப் பிடித்த வேலை. படப் பெயர்களை எழுத ஆரம்பித்து அறுபதைத் தாண்டிய பிறகு அடித்து அடித்து பதினாலில் நிறுத்தினேன். ஒவ்வொரு ஷாட்டும் மெட்ராஸில் எந்த இடம், எந்தக் காலம் என்று கண்டுபிடிக்க வேண்டும். படம் வெளியான வருஷத்தை வைத்து மட்டும் சொல்ல முடியாது, இரண்டு மூன்று வருஷம் பெட்டியில் கிடந்த படங்கள் உண்டு. அதனால் கட்டடங்களைக் கடிகாரமாக வைத்துக்கொண்டேன். மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. பதினாலு மாடி நின்றால் 1959க்குப் பின்னால். ஜெமினி முக்கில் பாலம் இல்லாமல் வெறும் ரோடாக இருந்தால் 1973க்கு முன்னால். மெரினாவில் கண்ணகி சிலை ஒரு வேடிக்கையான சாட்சி. உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி 1968இல் வைத்தார்கள், 2001 டிசம்பரில் எடுத்தார்கள், 2006இல் திரும்ப வைத்தார்கள். சிலை இருக்க வேண்டிய இடம் காலியாகத் தெரிந்தால் ஒன்று மிகப் பழைய ஷாட், இல்லையென்றால் அந்த நாலரை வருஷத்து ஷாட். இப்படி ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஃப்ரேம் ஃப்ரேமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். என் வீட்டுக்காரி எழுந்து வந்து, "கல்யாண ஆல்பத்த இப்படிப் பாத்திருந்தா டெலிவரி என்னைக்கோ முடிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள்.

இவ்வளவு செய்தும் முதல் ஞாயிறு சொதப்பல். அன்றைக்கு முகூர்த்த நாள். காலையில் ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டு அப்படியே வந்தேன். போட்டிருந்த நாற்காலி அறுபது, வந்தவர்கள் பதினேழு பேர், அதில் இரண்டு பேர் டீ போடுபவர்கள். அதுகூடப் பரவாயில்லை. டூரிஸ்ட் கைடு மாதிரி பேசினேன் நான். இது சென்ட்ரல், இது ரிப்பன் மாளிகை, இது நேப்பியர் பாலம். இருபதாவது நிமிஷத்தில் கொட்டாவி வரிசையாக ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போனதைக் கண்ணால் பார்த்தேன்.

கிராமத்து ஹீரோ மெட்ராஸில் வந்து இறங்கும் ஷாட்டுகளை ஒரு தொகுப்பாகக் கட் பண்ணி வைத்திருந்தேன். சென்ட்ரல் கோபுரத்துக் கடிகாரம், தலையை அண்ணாந்து பார்க்கும் ஹீரோ, அடுத்து எல்.ஐ.சி. இதுதான் என் துருப்புச் சீட்டு. அது ஓடி முடிந்ததும் மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர் என்று பிறகு தெரிந்தது.

"தம்பி, இந்தப் பயலுவ எல்லாம் எந்த வண்டியில வாரானுவ?"

எனக்குப் புரியவில்லை.

"தெக்க இருந்து வார வண்டி எக்மோர்லதான நிக்கும்? வேட்டி கட்டிக்கிட்டு நம்ம பக்கத்துப் பேச்சு பேசிக்கிட்டு இவன் எதுக்குவே சென்ட்ரல்ல எறங்குதான்?"

அதுவரை அமைதியாக இருந்த கூடம் ஒரே சிரிப்பு. அதற்கப்புறம் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். முதன்முதலாக எக்மோரில் இறங்கியது, கென்னத் லேன் லாட்ஜில் பையைத் திருட்டுக் கொடுத்தது, கூட வந்த மாமா காந்தி இர்வின் ரோட்டைக் கடக்க பயந்து அரைமணி நேரம் நின்றது. நான் மைக்கைக் கீழே வைத்துவிட்டேன். நான் பேசிய ஒரு மணி நேரத்தைவிட அந்த இருபது நிமிஷம் நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வந்து, அடுத்த வாரத்துக்கு வைத்திருந்த எல்லாவற்றையும் அழித்தேன். மெட்ராஸைத் தெரியாதவர்களுக்கு மெட்ராஸைக் காட்டப் போகிறோம் என்ற நினைப்பில் தயார் செய்திருந்தேன். அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் மெட்ராஸில் வேலை தேடியவர்கள், வேலை பார்த்தவர்கள், பிள்ளையை அங்கே விட்டிருப்பவர்கள். அவர்களிடம் இது சென்ட்ரல் என்றால் கொட்டாவிதான் வரும்.

அதனால் இரண்டாவது ஞாயிறு முழுக்க, மெட்ராஸில் எங்கே இறங்குகிறோம் என்பதுதான் பேச்சு. படக்காரர்களுக்கு சென்ட்ரல் ஏன் தேவைப்பட்டது? எதிரே அகலமான ரோடு, பக்கத்தில் ரிப்பன் மாளிகை, மேலே கடிகாரக் கோபுரம். காமிராவைத் தள்ளி வைக்க இடம் உண்டு, ஒரே ஷாட்டில் "பட்டணம்" என்று சொல்லிவிடலாம். எக்மோர் 1908இல் கட்டிய அழகான சிவப்புக் கட்டடம்தான். ஆனால் சென்ட்ரல் பதிந்த மாதிரி மக்கள் மனதில் பதியவில்லை. இதில் பழைய தண்டவாளக் கணக்கும் இருக்கிறது. அந்தக் காலத்தில் சென்ட்ரலுக்கு அகலப்பாதை, எக்மோருக்கு அதைவிடக் குறுகலான மீட்டர் கேஜ் பாதை. கோயம்புத்தூர்க்காரனோ மலையாளியோ சென்ட்ரலில் இறங்கினால் நியாயம். திருநெல்வேலிக்காரன் இறங்கினால் அது சினிமா.

அன்றைக்குப் போட்ட துண்டுகளில் கூடத்தைத் தூக்கி நிறுத்தியது நாகேஷ். 1967இல் பாலசந்தர் இயக்கிய 'அனுபவி ராஜா அனுபவி'யில் நாகேஷுக்கு இரட்டை வேடம். ஒருவர் தூத்துக்குடிக்காரர். மெட்ராஸுக்கு வந்து ஊரைப் பார்த்து மிரண்டு பாடும் "மெட்ராஸ் நல்ல மெட்ராஸ்" அந்தப் படத்தில்தான். எங்களைப் போலவே மெட்ராஸைப் பார்த்து மலைத்த ஒருவன் திரையில் எங்கள் பேச்சையே பேசுகிறான் என்றால் யார் கொட்டாவி விடுவார்கள்? அன்றைக்கு நாற்பத்தைந்து பேர். பாட்டுக்கு ஸ்பீக்கரில் பாதிச் சத்தம்தான் வைத்தேன், மீதியை அவர்களே பாடிவிட்டார்கள்.

பஸ்ஸில் போனவர்களும் விடவில்லை. முன்னே பாரிமுனையில் இறங்கினோம், 2002இல் கோயம்பேடு வந்தது, 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் திறந்தார்கள், இப்போது அங்கேயே இறக்கி விடுகிறார்கள். இனிமேல் படத்தில் நம்ம ஊர்ப் பையன் பஸ்ஸை விட்டு இறங்கி அண்ணாந்து பார்த்தால் என்ன தெரியும் என்று ஒரு காலேஜ் பையன் கேட்டான். "அடுத்த பஸ்ஸு" என்று பின்னாலிருந்து பதில் வந்தது.

ஜெமினி பாலத்தைக் காட்டி 1973 என்று சொன்னபோது ரயில்வே பெரியவர் மறுபடி கையைத் தூக்கினார். எனக்கு உதறல்தான். ஆனால் இந்த முறை, நம்ம திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்குப் பாலமும் அதே 1973இல் திறந்ததுதான், அதை ஏன் ஒரு பயலும் படம் எடுக்கவில்லை என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கல்யாண வீடியோவில் நான் எடுத்திருக்கிறேன் என்று சொல்லித் தப்பித்தேன்.

மூன்றாவது வாரத்தில் மெட்ராஸின் உள் தெருக்கள். துரை இயக்கிய 'பசி' 1979இல் குடிசைப் பகுதியில் குப்பை பொறுக்குகிறவர்களின் வாழ்க்கையைக் காட்டியது, ஷோபாவுக்கு தேசிய விருது கிடைத்தது. அதற்கு முந்தைய வருஷம் ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' வந்தது. அதற்கு வசனம் எழுதிய மூவரில் ஒருவர் நம்ம எழுத்தாளர் வண்ணநிலவன் என்றதும் வாசகர் வட்டத்துக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' பற்றி இளவட்டங்கள் என்னைவிட நன்றாகப் பேசினார்கள், அதில் நான் தலையிடவில்லை.

வம்பு வந்தது 'நாயகன்' விஷயத்தில். மெட்ராஸில் எடுத்த மெட்ராஸ் மட்டுமல்ல, மெட்ராஸில் எடுத்த பம்பாயும் உண்டு என்று சொல்ல அதைச் சேர்த்திருந்தேன். 1987இல் வந்த படம். அதில் வரும் தாராவி, மெட்ராஸ் வீனஸ் ஸ்டுடியோவில் தோட்டா தரணி போட்ட செட். அந்தக் கலை இயக்கத்துக்குத் தேசிய விருதே கொடுத்தார்கள். இதைச் சொல்லி முடிக்கவில்லை, ஒருவர் எழுந்துவிட்டார். நம்ம பக்கத்திலிருந்து தாராவிக்குப் பிழைக்கப் போனவர்கள் எத்தனையோ பேர், இவர் அங்கே பதினெட்டு வருஷம் இருந்தவர்.

"செட்டா? என்ன தம்பி சொல்லுதிய? நான் அந்தப் படத்தப் பாத்துட்டு எங்க சந்தக் கண்டுபிடிச்சு எல்லாருக்கும் காட்டிருக்கேன்."

ஸ்டுடியோவில் போட்டது என்று நான் சொல்ல, தண்ணிக் குழாய் எங்கே இருந்தது, யார் வீட்டு ஓடு எப்படி உடைந்திருந்தது என்று அவர் சொல்ல, பத்து நிமிஷம் போனது. கடைசிவரை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. டீக்கு வெளியே வந்தபோது என் தோளில் கை போட்டு, "விடும்வே, அந்தத் தரணி எங்க சந்துக்கு வந்து பாத்துட்டுப் போயிருப்பான்" என்று முடித்துக்கொண்டார். தோட்டா தரணிக்கு விருதைவிடப் பெரிய பாராட்டு இதுதான் என்று எனக்குப் பட்டது.

நாலாவது வாரத்துக்கு வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' ஒன்றையே எடுத்துக்கொண்டேன். 2010இல் வந்தது. நம்ம தேரிக்காட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் தி.நகர் ரங்கநாதன் தெருத் துணிக்கடைக்கு வேலைக்குப் போகிற கதை. துண்டுகள் நாலுதான் வைத்திருந்தேன், போதும் என்று தோன்றியது. கூட்டம் வெளித் தாழ்வாரம் வரை நின்றது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தியதை ஒருவர் நினைவுபடுத்த, அது நடைமுறையில் இருக்கிறதா இல்லையா என்று சூடான பேச்சு. அதில் கால் மணி நேரம் போனது.

அப்போது பெண்கள் வரிசையில் இருந்து ஓர் அக்கா, நாற்பது வயது இருக்கும், அந்தத் தெரு வருகிற ஸ்டில்லை மறுபடி போடச் சொன்னார். போட்டேன். எழுந்து வந்து திரைக்குப் பக்கத்தில் நின்று, படத்துக்கு வெளியே, மெரூன் துணி கட்டியிருந்த இடத்தில் கையை வைத்தார்.

"மாம்பலம் ஸ்டேஷன் இந்தப் பக்கம் இருக்கு. நான் இங்கன ஒரு கடையில ஏழு வருஷம் நின்னேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல நெல்லை எக்ஸ்பிரஸ் எக்மோர்ல எடுத்து மாம்பலத்தத் தாண்டும். அந்நேரந்தான் கடையில கூட்டம் நெரியும். வண்டிச் சத்தம் கேக்காது. ஆனா எங்க செக்ஷன்ல எல்லாப் பிள்ளைகளும் அந்நேரம் ஒரு தடவ மணியப் பாக்கும். சூப்பர்வைசர் ஏன் பாக்குறியன்னு ஏசுவாரு. எதுக்குன்னு அவருக்குத் தெரியாது."

சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அடுத்த துண்டைப் போடத் தோன்றவில்லை. ரயில்வே பெரியவர்தான் திரும்பி அவரைப் பார்த்து, "எந்த வருஷம் தாயி?" என்று கேட்டார். அவர் சொன்னார். "அப்பம் அந்த வண்டியில நான் டூட்டியில இருந்திருக்கேன்" என்றார் இவர்.