வரைபடத்தில் வெள்ளை

பாக் விரிகுடாவில் கடல்பசுப் பாதுகாப்பகம் அமைக்கும் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது, கடற்புல் ஆராய்ச்சிக்காரன் என்று என்னையும் மீனவர் கூட்டங்களுக்குக் கூப்பிட்டார்கள். கடல்பசு ஒரு நாளைக்கு 30 கிலோவுக்கு மேல் புல் மேயும். புல் எங்கே என்று காட்டிவிட்டால் என் வேலை முடிந்தது என்றுதான் போனேன்.

வரைபடத்தை விரித்ததும் மல்லிப்பட்டினத்துப் பெரியவர் ஒருவர் ஒரு வெள்ளைப் பகுதியில் விரலை வைத்தார். "இங்க ஒண்ணுமில்லன்னு போட்டிருக்கீங்க தம்பி. மூணு பாகத்துல தாழை கிடக்கு. ஆவுளியாவையே பாத்திருக்கோம்." தாழை என்றால் கடற்புல், ஆவுளியா என்றால் கடல்பசு; பாகம் கடலாழத்தின் அளவு. எந்த மாதம் அளந்தேன் என்று கேட்டார். மார்கழி என்றேன். சிரித்துவிட்டார். வாடைக்காற்றில் கலங்கிக் கிடக்கும் தண்ணீரில் செயற்கைக்கோள் படத்துக்கு அடித்தரை தெரியாது. அந்த வெள்ளைக்குப் 'புல் இல்லை' என்பது பொருளல்ல, 'நான் பார்க்கவில்லை' என்பதுதான். மறுநாள் அவர் நாட்டுப்படகான வத்தையிலேயே போய்க் குதித்துப் பார்த்தேன். புல்தான்.

இன்னொரு தப்பும் செய்தேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளிலும் கால் வைக்க முடியாமல் போனதை யாரோ நினைவுபடுத்த, "இங்கே அப்படி ஆகாது" என்று நானே வாக்குக் கொடுத்துவிட்டேன். அது என் வாயால் வரக்கூடாத பேச்சு. அடுத்த கூட்டத்தில் வனத்துறை அதிகாரியையே சட்டப் பிரிவை விளக்கச் சொன்னோம்: இந்த வகைக் காப்பகத்தை அறிவிக்கும் முன் உள்ளூர் மக்களைக் கலந்தாக வேண்டும் என்று வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 36ஏ பிரிவு சொல்கிறது.

என்னிடம் கேட்க வேண்டிய கேள்வி அப்புறம்தான் வந்தது. குற்றம் விசைப்படகு மேலா, நாட்டுப்படகு மேலா? விசைப்படகின் இழுவைமடி புல்லை வேரோடு வாரும் என்றேன்; நாட்டுப்படகுக்காரர்கள் தலையாட்டினார்கள். அவர்கள் போடும் திருக்கை வலையில் சிக்கினால் கடல்பசு மேலே வந்து மூச்சு வாங்க முடியாமல் செத்துப்போகும் என்றேன், தலையாட்டல் நின்றது. அன்று இரண்டு தரப்பிலும் யாரும் எனக்கு டீ சொல்லவில்லை.

2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டருக்கு அறிவிப்பு வந்தது. பெரியவருக்குப் போன் செய்தேன்.

"அந்த வெள்ளை உள்ளயா, வெளியயா?"

"உள்ளதான் ஐயா."

"சரி, பங்குனியில வாங்க. தண்ணி தெளிஞ்சிருக்கும்."