புதுக் கணினியும் எதிர்பாராச் சந்தாக்களும்

புதிய கணினியை அமைக்கத் தொடங்கியபோதுதான், அதற்குக் கொடுத்த விலை முதல் தவணை மட்டுமே என்பது எனக்குப் புலப்பட்டது. முன்னரே நிறுவப்பட்டிருந்த வைரஸ் தடுப்பு மென்பொருள் சில காலம் இலவசமாக இயங்கிவிட்டுச் சந்தா கேட்டது. அதை நீக்கிவிட்டால் விண்டோஸுடனேயே வரும் டிஃபெண்டர் தானாகப் பொறுப்பேற்றுக்கொள்ளும் என்பதை நான் கண்ட அறிவிப்புகளில் ஒன்றுகூடச் சொல்லவில்லை என்பதே எனக்கு மிகுந்த வருத்தம். கோப்புறைகளை மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் சேமிக்க ஒப்புக்கொண்டால், இலவசமாகக் கிடைக்கும் 5 ஜிபி இடம் ஒளிப்படங்களாலேயே நிரம்பிவிடக்கூடும். அதன்பின் கூடுதல் இடத்துக்குக் கட்டணம்தான். கடிதம், கணக்கு எழுத லிப்ரே ஆபீஸ் என்னும் மென்பொருள் கட்டணமின்றிக் கிடைக்கிறது. மென்பொருளைக் கணினியிலிருந்து நீக்குவதால் மட்டும் சந்தா ரத்தாகிவிடாது. உரிய கணக்கில் நுழைந்து தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தும்வரை அட்டையிலிருந்து பணம் போய்க்கொண்டேயிருக்கும்.