மணிக்கும் ஒரு பத்தி

எனக்கு 71 வயது, என் நாய் மணிக்கு ஆறு வயது. எனக்குப் பிறகும் அவன் இருப்பான். ரத்தன் டாடா தன் நாய் டிட்டோவின் பராமரிப்புக்கு உயிலில் வழி செய்திருந்ததாக 2024-இல் செய்தி வந்ததிலிருந்தே இந்த யோசனைதான்.

"நாய் பேர்ல பணம் எழுத முடியாதும்மா, சட்டப்படி அதுவே உங்க சொத்துதான்" என்றார் வக்கீல். பீரோவும் மணியும் ஒன்றாம்!

சரி, மாடி வீட்டுப் பெண்ணிடம் சம்மதம் கேட்டு, மணியையும் இரண்டு லட்சத்தையும் அவளுக்கு எழுதினேன். அவளால் முடியாவிட்டால் என் தங்கை. தடுப்பூசி அட்டை எங்கே, இடி இடித்தால் எந்தக் கட்டிலுக்கடியில் தேடவேண்டும், தயிர்சாதத்தில் உப்பு கூடாது எல்லாம் தனித் தாளில்.

இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வீட்டுக்கு வந்தார்கள். அதில் ஒருவர் கிளம்பும்போது அரைச் செருப்புதான் இருந்தது.