அட்டையில் பக்ராம்: ஆறாவது வாரம்

ஆறு வாரமாக என் சாப்பாட்டு மேசையில் பாதியைப் பக்ராம் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆப்கானிஸ்தானில், காபூலுக்கு வடக்கே பர்வான் மாகாணத்தில் இருக்கும் விமானத்தளம். முதலில் சோவியத் படை, பிறகு அமெரிக்கப் படை என இரண்டு அந்நிய ராணுவங்கள் அடுத்தடுத்துத் தங்கிய இடம். முன்னவர் கட்டியதைப் பின்னவர் என்ன செய்தார் என்று, தளத்தின் சிறிய மாதிரியைக் கையால் செய்து பார்த்தால் புரியும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன்.

1 செ.மீ.க்கு 50 மீட்டர் என்று அளவு வைத்தேன். சோவியத் காலத்து ஓடுபாதை சுமார் 3,000 மீட்டர். அட்டையில் 60 செ.மீ. அமெரிக்கர்கள் 2006 இறுதியில் முடித்த புதிய ஓடுபாதை சுமார் 3,600 மீட்டர், 72 செ.மீ. ஏன் இவ்வளவு நீளம்? தளம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,490 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று லேசானது, கோடையில் இன்னும் லேசாகிவிடும். சுமையேற்றிய விமானம் மேலெழும்ப அதிக தூரம் ஓடியாக வேண்டும்.

முதல் வாரமே ஒரு தவறு. செயற்கைக்கோள் படத்தை ஏ3 தாள்களில் அச்செடுத்து ஒட்டி, ஃபோம் போர்டையும் வெட்டிவிட்டேன். அப்புறம் அளந்தால் புதிய ஓடுபாதை 70 செ.மீ.கூட வரவில்லை. அச்செடுக்கும்போது தாளுக்கேற்பப் படத்தைச் சுருக்கும் வசதியை நான் நிறுத்தாமல் விட்டிருக்கிறேன். இதைச் செய்யப் போகிறவர்கள் அச்செடுத்ததும் ஓடுபாதையை அளந்து பாருங்கள். போர்டில் கத்தி வைப்பது அதற்குப் பிறகுதான்.

இன்றைய படத்தில் எது பழையது, எது புதியது என்று பிரிப்பதுதான் உண்மையான வேலை. அதற்குப் பழைய படங்களோடு ஒப்பிட வேண்டும். கொரோனா என்ற அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் 1972 வரை எடுத்த படங்கள் 1995ல் பொதுப்பார்வைக்கு வந்தன. அவற்றில் ஓரங்கள் இழுபட்டுத் தெரியும். அதனால் வாய்க்கால்களையும் ஊர்ப் பாதைகளையும் அடையாளமாக வைத்துக்கொண்டு, துண்டு துண்டாகத்தான் பொருத்த முடிந்தது. நான்கு இரவு ஆனது. சலிப்பே வரவில்லை.

அடித்தட்டு தயாரானதும், கண்ணாடிபோல் அடியில் இருப்பது தெரியும் ஓஎச்பி ஷீட் இரண்டு எடுத்தேன். ஒன்றில் சோவியத் காலம்: 1979 டிசம்பரில் படைகள் வந்திறங்கியது முதல் 1989 பிப்ரவரியில் கடைசிப் படைகள் நாட்டை விட்டுப் போனது வரை. மற்றொன்றில் 2001 முதல் 2021 ஜூலை வரை. அமெரிக்கர்கள் இரவோடு இரவாகக் கிளம்ப, மின்சாரமும் நின்றுபோய், ஆப்கன் படை வருமுன் கொள்ளையர் உள்ளே புகுந்தார்களே, அது வரை. மூலைகளில் குண்டூசி குத்தி, வேண்டிய ஷீட்டை மாட்டி எடுக்கலாம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் காலத்துக்கு ஷீட் இல்லை. அதை எப்படிக் காட்டுவது என்று இன்னும் யோசிக்கிறேன். 1990களின் கடைசியில் தாலிபானுக்கும் அதை எதிர்த்த வடக்குக் கூட்டணிக்கும் இடையிலான போர்முனை இந்தத் தளத்தை ஒட்டியே கிடந்தது.

அமெரிக்கப் படையின் சி-17 சரக்கு விமானம் 53 மீட்டர் நீளம். அட்டையில் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஐஸ்கிரீம் குச்சியைச் சீவிச் செய்தேன், நன்றாகவே வந்தது. மனிதனோ கால் மில்லிமீட்டர் சொச்சம். ஊசி முனையால் வைத்த புள்ளிகூட அவனைவிடப் பெரிது.

வேலிக்கு வெளியே இருக்கும் ஷோமாலி சமவெளியைத் தவிர்க்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தேன். திராட்சைக்குப் பேர்போன மண் அது. அங்கே கொடிகளைப் பந்தலில் விடுவதில்லை, மண் வரப்புகளின் மேல் படரவிடுகிறார்கள். சலித்த செம்மண்ணை ஃபெவிகாலில் குழைத்துப் பூசி, ஈரம் காய்வதற்குள் பேன் சீப்பால் ஒரே இழுப்பு. வரிவரியாக வரப்பு விழுந்துவிட்டது! சரி, அளவு சற்றுப் பெரிதுதான், இருக்கட்டும். அங்கங்கே சிவப்புப் புள்ளிகளும் வைத்தேன். கண்ணிவெடி இருக்கும் நிலத்தின் விளிம்பில் கற்களுக்குச் சிவப்புச் சாயம் பூசி வைப்பது அந்த நாட்டு வழக்கம். வெடிகளை அகற்றிவிட்டால் வெள்ளை.

இந்த வாரம் வேலை நின்றது ஒரு சின்னக் கொட்டகையில். சோவியத் காலத்தில் அது விமானப் பழுதுபட்டறை. 2002ல் அதுவே அமெரிக்கர்களின் சிறை. அந்த டிசம்பரில் ஹபீபுல்லா என்பவரும், திலாவர் என்ற 22 வயது டாக்சி ஓட்டுநரும் அதற்குள் அடிபட்டே இறந்தார்கள். திலாவருக்கு எந்தத் தாக்குதலிலும் தொடர்பில்லை என்று அங்கே அவரை விசாரித்தவர்களில் பெரும்பாலோர் முன்பே நம்பியிருந்தார்கள்.

இந்தக் கொட்டகையை எந்த ஷீட்டில் ஒட்டுவது? சோவியத் ஷீட்டில் ஒட்டினேன், எடுத்தேன். அமெரிக்க ஷீட்டில் வைத்துப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. கடைசியில் இரண்டு ஷீட்டிலும் அந்த இடத்தைக் கட்டர் பிளேடால் வெட்டி ஓட்டை போட்டுவிட்டு, கொட்டகையை நேராக அடித்தட்டிலேயே ஒட்டினேன். இப்போது எந்த ஷீட்டை மாட்டினாலும் அது தெரிகிறது. கூரைக்கு இன்னும் வண்ணம் பூசவில்லை.