பல் டாக்டருக்குத் தெரியாத சொத்தை

நாலு வருஷம் மதுரையில் ஒரு கிளினிக்கில் சொத்தைப் பல் அடைத்துவிட்டு, எலும்பு ஆய்வு படிக்க செக் நாட்டுக்குப் போனேன். அங்கே முதல் வேலையாக என் மேஜைக்கு வந்தவை மிகுல்சிட்சேயின் தாடைகள். மகா மொராவிய அரசின் கோட்டை நகரம் அது, 9-ஆம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த ஸ்லாவிய இன மக்களின் தாடைகள். 1954-ல் அகழாய்வு தொடங்கியது, கிடைத்த புதைகுழிகள் சுமார் 2,500.

பல்லைப் பார்க்க எனக்கா கற்றுத்தர வேண்டும் என்ற நினைப்பு. சர்க்கரை எட்டாத காலம், இனிப்பென்றால் தேன்தான், சொத்தை எங்கே இருக்கப்போகிறது? கடைவாய்ப்பல்லின் மேற்பரப்பைப் பார்த்தேன், திருகைக்கல் பொடி கலந்த மாவைத் தின்று தின்று சொத்தை பிடிக்கிற பள்ளமெல்லாம் தேய்ந்து மொழுக்கென்று இருந்தது. சொத்தை இல்லை என்று வரிசையாக எழுதிக்கொண்டே போனேன்.

ஒரு வாரம் கழித்து சீனியர் ஒருவர் ஒரு பல்லைப் பக்கவாட்டில் திருப்பி, எனாமல் முடிகிற கழுத்தில் புரோபை (பல்லைக் குத்திப் பார்க்கும் கூரிய கம்பி) வைத்தார். உள்ளே போய்விட்டது. பல் தேயத் தேய மேலே எழும்பும், ஈறும் இறங்கும், வேர் வெளியே தெரியும். எனாமல் அளவுக்கு அது கெட்டி கிடையாது. பனிவரகுக் கூழ் (நம்மூரில் விற்கும் அதே பனிவரகுதான்) பல்லிடுக்கில் ஒட்டிக்கொண்டால் கிருமிக்கு அதுவே போதும். எழுதிய தாளையெல்லாம் திரும்ப எழுதினேன்.

அப்புறம் நேர் எதிர்த் தப்பு. கழுத்தில் பழுப்பாக எதைப் பார்த்தாலும் சொத்தை என்று குறித்தேன். பாதிக்கு மேல் மண் அரித்தது. மண் அரித்த இடம் புரோபால் தொட்டால் மேலாகத்தான் இருக்கும், உள்ளே குடைந்திருக்காது.

விழுந்த பல்லிலும் கவனம் வேண்டும். குழி எலும்பால் மூடியிருந்தால் உயிரோடு இருந்தபோதே போன பல், விளிம்பு கூர்மையாகத் திறந்து கிடந்தால் மண்ணிலோ எலும்பு வைத்த பெட்டியிலோ உதிர்ந்தது.

ஒரு தாடை மட்டும் மறக்கவில்லை. இடுப்பெலும்பைப் பார்த்துப் பெண் என்று எழுதியிருந்தார்கள். இடது கடைவாய்ப்பல் ஒன்று சொத்தையில் பாதி போயிருந்தது, வேர் நுனிக்கு நேராக எலும்பில் சீழ் வடிந்த ஓட்டை. அந்தப் பக்கப் பற்களில் கெட்டியாகக் காரை படிந்திருக்க, வலப்பக்கமோ சுத்தமாக, இடப்பக்கத்தைவிட ரொம்பத் தேய்ந்திருந்தது. "இந்தப் பக்கம் மெல்லவே முடியலை டாக்டர்" என்று கன்னத்தைப் பிடித்தபடி வருவார்களே, அதே வாய். பதிவுத்தாளில் இதற்குக் கட்டம் இல்லை, ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்.